நடுவில் குழாய் இல்லை

ராத்திரி பதினொரு மணி தாண்டிவிட்டது. போடியிலிருந்து முந்தல் போகும் சாலையில், கடைசி ஜீப்பும் மலையேறிப் போன பிறகு, ஒரு மண் பாதை தனியாகப் பிரிந்து கிடக்கும். விளக்கு கிடையாது. ஒரு பக்கம் மாந்தோப்பு... மறுபக்கம் நீளமான கல் சுவர். அந்தப் பாதையில் ஒரே பைக்கில் இரண்டு பேர் போனார்கள். திரும்பி வந்ததும் இரண்டு பேர்தான்.

அதுதான் பிரச்சினை.

கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து போக வேண்டாம். இது நம் கடைக்கு ஏலக்காய் கொண்டுவரும் பொன்மணியின் பெரியப்பா மகன் ஜானுக்கு நடந்தது. ஜானைப் போடியில் பாதிப் பேருக்குத் தெரியும். தண்ணீர் லாரிக்காரன். கோடையில் அவன் ஹாரன் கேட்டால் தெருவே குடத்தோடு ஓடி வரும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், அதுக்கும் ஒரு லோடு வேணுமான்னு கேட்டுச் சொல்லு என்பான். அப்படிப்பட்ட ஆள். இப்போது பொழுது சாய்ந்தால் லாரி எடுப்பதில்லை.

அன்றைக்கு பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஜான். ஓட்டியவன் பிரின்ஸ், ஜானின் தங்கை ஜெஸ்ஸியின் புருஷன். எதற்காகப் போனார்கள் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தச் சுவருக்குள் இருப்பது மலைச்சாரல் நகர். பேர் மட்டும் நன்றாகத்தான் வைப்பார்கள். அங்கே முன்பு ஓர் ஓடை இருந்தது. மழைக்காலத்தில் மலைத் தண்ணீரை இறக்கிக் கண்மாயில் சேர்க்கும். மற்ற மாதங்களில் மிருகங்களை இறக்கும். ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கீழே இருக்கிற காட்டிலிருந்து மிளா மான், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி எல்லாம் இருட்டியதும் அந்த மணலில் நடந்து வரும். கண்மாயில் வாய் வைக்கும். விடிவதற்குள் ஏறிவிடும். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

மனை போட்டவர் காசிமாயன். ஓடையை அப்படியே மூடக் கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். மேல் கோடியிலிருந்து கீழ்க் கோடி வரை ஓர் ஆள் தவழ்ந்து போகிற அகலத்துக்கு சிமெண்ட் குழாய் பதிக்க வேண்டும், மலைத் தண்ணீர் அதற்குள் போய்க் கண்மாயில் விழ வேண்டும் என்பது நிபந்தனை. காசிமாயன் பணிவாகத் தலையாட்டினார். குழாயும் வந்து இறங்கியது. மேல் கோடியில் கொஞ்சம் பதித்தார்கள். கீழ்க் கோடியில் கொஞ்சம் பதித்தார்கள். நடுவில் பாறை. அதை உடைத்து, தோண்டி, குழாயைச் சேர்க்க யாருக்கு மனம் வரும்? ஒரே பகலில் மண்ணைக் கொட்டி மூடி, ரோலர் ஓட்டி, மேலே மனைக்கல் நட்டுவிட்டார்கள். கரை நெடுக வளைகள் இருந்தன. ராத்திரி மேய்ந்துவிட்டுப் பகலில் உறங்குகிற ஜீவன்கள். எவை எவை உள்ளே இருந்தன என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

அந்த வேலைக்கு சூப்பர்வைசர் பிரின்ஸ்.

அதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. குழாயின் மேல் வாயில் ஒரு லாரித் தண்ணீரை ஊற்றுங்கள், கீழ் வாயில் வந்து விழுகிறதா என்று பார்த்தால்தான் அனுமதி என்றார். பிரின்ஸ் மச்சானிடம் போய் நின்றான். ஜான்தான் வழி கண்டுபிடித்தான். வேறு யாருக்கும் தோன்றாது. தண்ணீர் லாரிக்காரனுக்குத்தான் தோன்றும்.

ஒன்றல்ல, இரண்டு லாரி.

மேலே ஜானின் லாரி எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நின்றது. கீழே வாழைத்தோட்டத்துக்குள் இன்னொரு லாரி, கூட்டாளியிடம் ஒரு நாளைக்கு வாங்கி வந்தது. அதில்தான் ஜான் உட்கார்ந்திருந்தான். அதன் ஹோஸ் தென்னை மட்டைகளுக்கு அடியில் ஊர்ந்து வந்து, கீழ்க் குழாய்க்குள் நுழைந்திருந்தது. மேலே தண்ணீரைத் திறந்தார்கள். அதிகாரி பார்த்தார். பிறகு பிரின்ஸின் பைக்கில் ஏறிக் கீழே வந்தார். வழியில் ஆடுகள் நின்றன. பிரின்ஸ் ஆட்டை விரட்டுகிற மாதிரி ஹாரனை நீளமாக அடித்தான். ஜான் வால்வைத் திறந்தான்.

தண்ணீர் குபுகுபுவென்று வந்து விழுந்தது. செக்கச்செவேல் என்று வந்தது. தெளிந்த தண்ணீர் வந்தால் சந்தேகம் வரும் என்று டேங்குக்குள் இரண்டு சட்டி செம்மண்ணைக் கரைத்து வைத்திருந்தான் ஜான். அதிகாரிக்கு அவ்வளவு சந்தோஷம். மிருகங்கள் என்ன செய்யும் என்று மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அதுகளும் இதுக்குள்ளயே போய்க்கிரும் சார்" என்றான் பிரின்ஸ்.

மனைகள் விற்றுத் தீர்ந்தன. நடுவில் இருந்த ஒன்றைத் தவிர. கொட்டின மண் என்றைக்காவது இறங்கும் என்று காசிமாயனுக்குத் தெரியும். அதனால் பாசமாகப் பேசி, அதைப் பிரின்ஸுக்கே கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் பிரின்ஸ். வீடு கட்டினான். ஜெஸ்ஸிதான் வர மாட்டேன் என்றாள். மிளா நடக்கிற தடத்தில் வீட்டைக் கட்டிவிட்டு எப்படி நிம்மதியாகத் தூங்குவது என்று கேட்டாள். அதிகாரியிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னான் பிரின்ஸ். மிருகத்துக்காகவே குழாயை அகலமாகப் போட வைத்தேன், நான்தான் பிடிவாதமாக நின்றேன் என்று கொஞ்சம் சேர்த்தும் சொன்னான்.

அவள் நம்பினாள். அதற்காக அவன் மேல் அவளுக்குப் பிரியம் கூடியது.

பங்குனி மாதம். மின்விசிறிக் காற்றே சுடுகிற ராத்திரி. பிரின்ஸுக்கு விழிப்பு வந்தது. கட்டிலுக்கு அடியில்... தரைக்கும் அடியில்... ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

ஈர சிமெண்டில் குளம்பு வைத்து நடக்கிற சத்தம். மெதுவாக வந்தது. கட்டிலைக் கடந்தது. போய்விட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சின்னதாக, அவசரமாக, டக்டக்டக்டக்... குட்டி. தாயைப் பிடிக்க ஓடுகிறது. தரைக் கல் இடுக்கிலிருந்து வாடை ஏறியது. நனைந்த ரோமம், பாசி, பச்சைச் சாணி.

இருட்டில் ஜெஸ்ஸியும் விழித்துத்தான் படுத்திருந்தாள். குரலில் சிரிப்பு.

"கேட்டுச்சா... தண்ணிக்கு எறங்குதுக. நீங்க வழி விட்டதுக்கு ஆண்டவர் நம்மளக் கைவிட மாட்டார்."

பிரின்ஸ் தொங்கிய காலைக் கட்டிலுக்கு மேலே இழுத்துக்கொண்டான். ஏனென்றால் அந்தக் கட்டிலுக்கு அடியில் வழி இல்லை. பாறையும் மண்ணும்தான்.

நகரில் மற்றவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். ஒருவருக்கும் பயமில்லை. குழாய் இருக்கிறது, மிருகம் போகிறது... இதில் பயப்பட என்ன இருக்கிறது? பயப்பட வேண்டியவர்கள் மூன்றே பேர். அதில் காசிமாயன் மதுரையில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் பிரின்ஸ் ஜானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மேல் வாயில், மணலில் குளம்புத் தடங்கள். எல்லாம் உள்ளே போகிற தடங்கள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. உள்ளேயும் ஒன்றும் இல்லை. கீழ் வாய்க்கு வந்தார்கள். அங்கே வெளியே வருகிற தடங்கள். சொட்டச் சொட்ட ஈரம். அதில் ஒன்று ஆள் உள்ளங்கை அகலம். அப்படிப்பட்ட கொம்பு மிளா எப்படிக் குனிந்தாலும் அந்தக் குழாய்க்குள் நுழையாது. ஜான் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தான். கொஞ்ச தூரத்தில் மண் சுவர். வேர்கள் தொங்கின. அதற்கு முன்னால் குறுக்கே ஒரு சிலந்தி வலை. ஓர் இழைகூட அறுபடவில்லை.

ஜானுக்கு வாய் சும்மா இருக்காது. "மாப்ளே, நீ சொன்ன பொய்ய அதுக நெசமுன்னு நம்பிருச்சுக போல" என்றான்.

பிரின்ஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஐப்பசி வந்தது. மலை உச்சி தெரியாமல் மூன்று நாள் அடைத்துக்கொண்டு பெய்தது. ஜான் கணக்குப் போட்டான். மேல் சுவரில் தண்ணீர் கட்டும், கட்டிய தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் பாயும். வேறு போக்கு கிடையாது. தங்கையைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். குழாய்தான் இருக்கே, எதற்குப் பயம் என்றாள் அவள். உண்மையைச் சொன்னால் அவள் புருஷன் முகத்தில் விழிப்பாளா? அண்ணன் முகத்தில்தான் விழிப்பாளா?

தண்ணீர் வந்தது. மரத்தைப் புரட்டிக்கொண்டு வந்தது. மேல் குழாயின் வாய் அதை அப்படியே விழுங்கியது. கீழ்க் குழாயின் வாய் அப்படியே கக்கியது. செக்கச்செவேல் என்று. நகரில் ஒரு வாசல்கூட நனையவில்லை. ஜனங்கள் குடை பிடித்து நின்று வீடியோ எடுத்தார்கள். பக்கத்துக் காலனியில் இடுப்பளவு தண்ணீர், இங்கே பாருங்கள் என்று ஊரெல்லாம் அனுப்பினார்கள். மழை விட்டதும் காசிமாயன் காரில் வந்து பிரின்ஸுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆள் இல்லாத இடத்துக்கு அழைத்துப் போய், அடுத்த இடம் பார்த்தாகிவிட்டது என்றார். தேவாரம் பக்கம். இதைவிடப் பெரிய ஓடை. அங்கேயும் இரண்டு முனையில் மட்டும் குழாய் போட்டால் போதும். நாளைக் காலையில் ஜேசிபி இறங்குகிறது, நீதான் கூட நின்று ஆரம்பித்து வைக்க வேண்டும்.

அது யானை இறங்குகிற தடம் என்று பிரின்ஸ் மெதுவாகச் சொன்னான்.

"இங்க மிளா போகலையா? அங்க ஆனை போகட்டும்" என்றார் காசிமாயன்.

அன்று ராத்திரிதான் பிரின்ஸ் ஜானின் வீட்டுக் கதவைத் தட்டினான். பைக்கை அணைக்கக்கூட இல்லை.

"உள்ள போயிப் பாத்துரணும் மச்சான். வழி நெசமாவே இருந்துச்சுன்னா நான் ஜெஸ்ஸிகிட்டச் சொன்னது பொய் இல்ல. நாளைக்கு நிம்மதியாத் தேவாரம் போவேன். இல்லேன்னா போக மாட்டேன். அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன்."

ஜானுக்கு இரண்டிலுமே சிக்கல். இவன் சொல்லிவிட்டால் லாரி விஷயமும் வெளியே வரும். இன்னொன்றும் இருந்தது, அவன் வாய்விட்டுச் சொல்லாதது. ஓடையை மூடின இடத்தில் கிணறும் போர்வெல்லும் சீக்கிரம் வற்றும். வற்றின இடத்துக்கு ஜானின் லாரி போகும். மலைச்சாரல் நகரில் ஆறாவது மாதமே அது நடந்துவிட்டது. தேவாரத்திலும் நடக்கும். அதனால், வழி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பைக்கில் ஏறினான்.

அந்த மண் பாதை... மழை விட்ட பிறகு வருகிற சில்வண்டு சத்தம்கூட இல்லை. கீழ் வாய்க்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தினார்கள். ஜான் அங்கேயே நிற்க வேண்டும். பிரின்ஸ் சுவரோரமாக நடந்து மேல் வாய்க்குப் போனான். போனில் பேசிக்கொண்டே உள்ளே நுழைவது என்று ஏற்பாடு. மண்ணுக்கு அடியில் டவர் எப்படிக் கிடைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஜானுக்கும் தெரியாது.

"நொழஞ்சுட்டேன்..."

மூச்சு. முழங்கால் உரசுகிற சத்தம். தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை என்றான். பிறகு, குழாய் முடிகிற இடம் வந்துவிட்டது என்றான். அதன் பிறகு வெகுநேரம் மூச்சு மட்டும்.

"முடியல மச்சான். போகுது... இன்னும் போகுது..."

சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

ஜான் தன் பக்கத்துக் குழாயில் டார்ச் அடித்தான். மண் சுவர். வேர். சிலந்தி வலை. அவ்வளவு வெள்ளம் பாய்ந்த வாயில், அதே வலை, அறுபடாமல்.

போனில் பிரின்ஸ் பேசிக்கொண்டே வந்தான். தன் வீட்டுக்கு அடியில் இருக்கிறேன் என்றான். மேலே ஜெஸ்ஸி இருமுவது கேட்கிறது என்றான். முன்னால் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது, பின்னாலும் ஒன்று வருகிறது... தள்ளவில்லை, என் வேகத்துக்குத்தான் வருகிறது, மூச்சு முதுகில் படுகிறது என்றான். பயந்த குரல் இல்லை. கோயிலில் பேசுகிற குரல். அப்புறம் கரகரவென்று இரைச்சல். குரல் போய்விட்டது.

ஜான் இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

பின்னால் மணல் நெரிபட்டது.

திரும்பினான். பிரின்ஸ் நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து கால்வரை செம்மண் தண்ணீர் சொட்டியது. காலில் செருப்பு இல்லை. நனைந்த ரோம வாடை. ஜானுக்குப் போன உயிர் வந்தது. எந்த வழியாக வந்தாய், எப்படி இவ்வளவு வெரசா வந்தாய் என்று கேள்வியாகக் கேட்டான். டார்ச்சை முகத்துக்கு உயர்த்தினான்.

வெளிச்சம் பட்டதும் கண்கள் இரண்டும் பச்சையாக மின்னின.

"வா, போவம்" என்றான் நின்றவன்.

அப்போது ஜானின் கையில் இருந்த போன் பேசியது.

"மச்சான்... வெளிச்சம் தெரியுது. ஒன் காலு தெரியுது. வந்துட்டேன்..."

கொஞ்சம் நிறுத்தி, ரொம்ப மெதுவாக...

"பக்கத்துல நிக்கிறது யாரு?"

ஜான் குழாயைப் பார்த்தான். மண் சுவர் அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். அவன் கோபப்படவில்லை, அசையவும் இல்லை. பாதையில் நிற்கிற ஆள் விலகட்டும் என்று ஒரு மிருகம் காத்து நிற்குமே, அப்படி நின்றான்.

கத்தியிருக்கலாம். ஓடிப் போய் நகரை எழுப்பி, கடப்பாரையோடு ஆட்களைத் திரட்டியிருக்கலாம். தோண்டினால் நடுவில் குழாய் இல்லை என்பது ஊருக்கே தெரிந்துபோகும்... அந்த நேரத்திலும் ஜானுக்கு இந்த யோசனை வந்தது.

"மச்சான், சொல்லு... யாரு அது?"

ஜான் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

பைக்கை அவன்தான் ஓட்டினான். பின்னால் இருந்த கனத்தில் டயர் மட்கார்டில் உரசிக்கொண்டே வந்தது. நகர் வாசலில் எந்நேரமும் குரைக்கிற நாய்கள் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டன. ஜெஸ்ஸி கதவைத் திறந்தாள். இப்படியா நனைவாங்க என்று கடிந்துகொண்டே துண்டை எடுத்துக் கொடுத்தாள். கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு ஜான் வந்துவிட்டான்.

காலையில் அந்த ஆள் தேவாரம் போனான். ஆரம்பிக்கலாமா என்று காசிமாயன் கேட்டார். தலையாட்டினான். அன்று சாயங்காலத்துக்குள் யானை இறங்குகிற ஓடையில் மண் விழுந்தாகிவிட்டது. பிரின்ஸிடம் ஏதோ மாறியிருக்கிறது என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அவனிடம் எல்லாரும் கேட்டது ஒரு தலையாட்டல்தானே.

ஜெஸ்ஸிக்கு மட்டும் ஒரு சின்னக் குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது அண்ணனிடம் சொன்னாளாம். வீட்டுக்கு அடியில் போகிறவை எல்லாம் வந்த வேகத்தில் போய்விடுகின்றன, ஒன்று மட்டும் போகவே மாட்டேன் என்கிறது, அங்கும் இங்குமாகத் தவழ்ந்துகொண்டே இருக்கிறது, கட்டிலுக்கு நேராக வந்து தட்டுகிறது என்று. குளம்புச் சத்தம் மாதிரி இல்லை, கையால் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று.

மாப்பிள்ளைக்குப் பயமில்லையா என்று கேட்டான் ஜான்.

"அவருக்கென்ன பயம். எந்திரிச்சு கீழ உக்காந்து, உள்ளங்கையத் தரையில அழுத்தி வச்சுக்கிருவாரு. தட்டுறது நிக்கிற வரைக்கும் எடுக்க மாட்டாரு" என்றாள் ஜெஸ்ஸி. "சில நாளு விடிஞ்சிரும்ணே."